இரண்டு எண்களின் கூட்டுத்தொகை

"சிங்கிள்ஸ் சரிவராட்டில் டபிள்ஸ் ஆடட்டுமே." கொழும்பு கிரீன் பாத் பக்கம் டெனிஸ் கோர்ட்டுகளின் ஓரத்தில், பிள்ளையின் பயிற்சி முடியும்வரை காத்திருக்கும் பெற்றோர் வாயில் அடிக்கடி வரும் வசனம் இது. பாதி சரி, பாதி படுபிழை. உலகின் நல்ல இரட்டையர் ஆட்டக்காரர்களில் பலர் ஒற்றையரில் முதல் 100ஐக் கண்ணால்கூடக் காணாதவர்கள். அது சரி. ஆனால் 17, 18 வயதில் ஒற்றையரை மூட்டை கட்டி வைத்துவிட்டு நேரே இரட்டையருக்குள் நுழையலாம் என்று நினைப்பதுதான் பிழை. ஏன் என்பதற்கு ஆட்டத்தைவிடக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரட்டையர் தரவரிசை ஜோடிக்கு அல்ல, ஆளுக்கு. யாரோடு சேர்ந்து புள்ளி எடுத்தாலும் அது உங்கள் பெயரில் சேரும், 52 கிழமை கழித்து உதிர்ந்துவிடும். ஒரு சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது இருவரின் எண்ணையும் கூட்டுவார்கள். நீங்கள் 180, உங்கள் பார்ட்னர் 230 என்றால் ஜோடியின் எண் 410. சிறிய கூட்டுத்தொகைக்காரர் முதலில் உள்ளே போவார்கள், இடம் முடிந்ததும் கதவு சாத்தப்படும். இரட்டையர் ஆட்டக்காரர் காலையில் எழுந்ததும் பார்ப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

இதில் ஒரு சிக்கல். ஆண்களின் தொழில்முறை டெனிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் சுற்றில் ஒருவர் தன் ஒற்றையர் தரவரிசையைக் காட்டியும் இரட்டையருக்குப் பெயர் கொடுக்கலாம். ஒற்றையரில் 60ஆவது இடத்தில் இருப்பவர் வருடத்தில் நாலு தரம்தான் இரட்டையர் ஆடுகிறார் என்றாலும் அவருடைய எண் 60தான். வருடம் முழுக்க இரட்டையரே ஆடி 110ஆம் இடத்தில் நிற்பவரை அவர் சுலபமாகத் தாண்டிவிடுவார். இதனால்தான் ஒற்றையரில் கொஞ்சமாவது எண் வைத்திருப்பவருக்கு ஆரம்ப காலத்தில் பார்ட்னர் கிடைப்பது சுகம். எண்ணே இல்லாத பிள்ளையோடு சேர யார் வருவார்கள்?

பிறகு புள்ளி. சர்வதேச டெனிஸ் சம்மேளனமான ஐடிஎஃப் கீழ்த்தட்டில் நடத்தும் எம்25 போட்டியில் 16 ஜோடிகள் ஆடும். நாலு ஆட்டம் வென்றால் சம்பியன், 25 புள்ளி. ஏடிபி 250 போட்டியிலும் வழக்கமாக 16 ஜோடிதான். அங்கேயும் நாலு வெற்றிதான், ஆனால் புள்ளி 250. அங்கே ஒரேயொரு ஆட்டம் வென்று காலிறுதிக்குப் போனாலே 45. அதாவது ஒரு எம்25 கிண்ணத்தைவிடக் கூட. அதே இடத்தில் முதல் சுற்றில் தோற்றால் பூச்சியம். கிராண்ட் ஸ்லாமில் 64 ஜோடிகள். முதல் ஆட்டத்தை வென்றால் 90, இரண்டு வென்றால் 180, கிண்ணத்துக்கு 2000. கீழ்த்தட்டில் பத்துக் கிழமை வியர்வை சிந்தி எடுக்கும் புள்ளியை மேல்தட்டில் ஒரு நல்ல கிழமை தந்துவிடும். அதனால் இரட்டையர் ஆட்டக்காரரின் தரவரிசை படி ஏறுவதுபோல ஏறாது. நெடுநாள் ஓரிடத்தில் கிடந்து, ஒரு கிழமையில் பாயும்.

அந்த ஒரு கிழமை எப்படி வரும்? பெரும்பாலும் ஆல்டர்னேட் பட்டியலில், அதாவது காத்திருப்போர் பட்டியலில் இருந்து. ஒற்றையர் ஆடுபவர் ஒருவருக்கு முதுகு பிடித்துவிடும், அல்லது அவர் முந்திய கிழமைப் போட்டியில் அரையிறுதிவரை ஆடிவிட்டு இந்தக் கிழமை இரட்டையரை விட்டுவிடுவார். அந்த இடம், போட்டி நடக்கும் ஊருக்கே வந்து பெயர் பதிந்து, சப்பாத்துக் கட்டிக் காத்திருக்கும் ஜோடிக்குப் போகும். அழைப்பு வந்து கொஞ்ச நேரத்தில் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். பார்ட்னர் ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்தால் இடம் அடுத்த ஜோடிக்கு.

இந்தத் தொழில் இன்று இருப்பதே ஒரு வழக்கினால் என்றும் சொல்லலாம். 2005இல் ஏடிபி இரட்டையர் ஆட்டத்தைச் சுருக்கவும், ஒற்றையர் ஆடாதவர்களை ஓரங்கட்டவும் விதிகளைக் கொண்டுவந்தபோது, அமெரிக்க இரட்டையர் ஜோடியான பிரையன் சகோதரர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். கடைசியில் சமரசம். ஒற்றையர் நிபந்தனை போனது. பதிலுக்கு 40-40 ஆனால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிவு, மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக் என்ற முறை வந்தது. கிராண்ட் ஸ்லாம்களில் மட்டும் ஆண்கள், பெண்கள் இரட்டையரில் மூன்றாவது செட் முழுதாக உண்டு. அங்கே 6-6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக். விம்பிள்டனில் ஆண்கள் இரட்டையர் 2022 வரை ஐந்து செட் ஆட்டமாக இருந்தது.

ஒரே புள்ளி முறையில் 40-40 வந்ததும் எந்தப் பக்கத்தில் சேர்வை வாங்குவது என்று ரிட்டேர்ன் பண்ணும் ஜோடிதான் தீர்மானிக்கும். கலப்பு இரட்டையரில் தெரிவு இல்லை. சேர்வ் பண்ணுவது ஆண் என்றால் வாங்குவதும் ஆண். உள்ளூர்ப் போட்டிகளில் இந்த இடத்தில் பார்ட்னர்மார் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். ஆட்டம் தொடங்குமுன்பே "40-40 என்றால் நான்" என்று பேசி வைத்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் இராது.

இன்னொரு விஷயம், அநேகமான கழக ஆட்டக்காரருக்கே தெரியாதது. இரட்டையரில் ஒரு செட் முழுக்க ஒருவர் ஒரே முனையில் இருந்துதான் சேர்வ் பண்ணுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கேமில் நீங்கள் தெற்கு முனையில் இருந்து சேர்வ். கேம் முடிந்ததும் முனை மாற்றம். இரண்டாவது எதிராளிக்கு, மூன்றாவது உங்கள் பார்ட்னருக்கு. இப்போது நீங்கள் இருவரும் வடக்கில். மூன்றாவது முடிய மறுபடி மாற்றம். ஐந்தாவது கேமில் உங்கள் முறை வரும்போது நீங்கள் மறுபடி தெற்கில். ஆகவே வெயில் முனை யாருக்கு என்பது செட்டின் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த செட் முடியுமட்டும் வரிசையை மாற்ற முடியாது. அடுத்த செட் தொடங்கும்போது மாற்றலாம். மூன்றாவது செட்டுக்குப் பதில் வரும் டை-பிரேக்குக்கு முன்னும் மாற்றலாம். இதை மறந்து, முதல் செட்டின் வரிசையிலேயே பழக்கதோஷத்தில் போய் நிற்கும் ஜோடிகள் நிறைய.

கொழும்பில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரம். கோர்ட்டுகளைப் பொதுவாக வடக்கு தெற்காகவே போடுவார்கள். கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குப் பக்கத்தில் இருப்பதால், டிசெம்பரில் நடுப்பகல் சூரியன் தெற்கு வானில் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கைப் பார்த்து சேர்வ் பண்ணுபவர் பந்தைத் தூக்கிப்போட்டால் கண் கூசும். ஜூனில் அதே சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். அப்போது கூசுவது வடக்கைப் பார்த்து நிற்பவருக்கு. ஐரோப்பியப் பயிற்சிக் கையேடுகளில் இது இராது, அவர்களுக்கு வெயில் எப்போதும் தெற்கில்தான். ஜோடியில் ஒருவர் இடதுகைக்காரர் என்றால் யோகம்; அவர் பந்தை வேறு தோளுக்கு மேலே தூக்குவதால் காலையிலோ பின்னேரமோ ஒருவருக்குக் கூசுவது மற்றவருக்குக் கூசாது. பிரையன் சகோதரர்களில் பொப் இடதுகை, மைக் வலதுகை.

இனி ஆட்டம். கோர்ட்டின் அகலம் 8.23 மீற்றரில் இருந்து 10.97 ஆகிறது, பக்கத்துக்கு 1.37 மீற்றர் கூடுகிறது. ஆளோ இரட்டிப்பாகிறது. ஆகவே ஒவ்வொருவரும் காக்க வேண்டிய இடம் ஐந்தரை மீற்றருக்குள் வந்துவிடுகிறது. ஓட்டம் குறைவு, நேரமும் குறைவு. பின்கோட்டில் நின்று இருபது தரம் மாற்றி மாற்றி அடிக்கும் வேலை இங்கே இல்லை. சேர்வ், ரிட்டேர்ன், முதல் வொலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது), அவ்வளவில் பெரும்பாலான புள்ளிகள் முடிந்துவிடும். ஒற்றையரில் ஃபோர்ஹாண்டை நம்பிப் பிழைத்தவர் இரட்டையரில் திணறுவது இதனால்தான்.

சேர்வ் பண்ணுபவர் ஒற்றையரைப்போல நடு அடையாளத்துக்குப் பக்கத்தில் நிற்காமல் ஒன்றரை, இரண்டு மீற்றர் வெளியே தள்ளி நிற்பார். நெட்டில் இருப்பவர் நெட்டிலிருந்து இரண்டு, இரண்டரை மீற்றரில். சேர்வ் எங்கே போகப் போகிறது, நெட்டில் இருப்பவர் இருக்கிறாரா பாய்கிறாரா என்று நெட்டில் இருப்பவர் காட்டும் இரண்டு சைகை, தன் முதுகுக்குப் பின்னால். மூடிய கை என்றால் "இருக்கிறேன்", விரித்த கை என்றால் "பாய்கிறேன்" என்பது பரவலான வழக்கம்; ஜோடிக்கு ஜோடி மாறும். சைகை காட்டினால் போதாது, சேர்வ் பண்ணுபவர் "ஓகே" என்று வாயால் சொல்ல வேண்டும். சைகையைக் காணாமலேயே சேர்வ் போட்டுவிட்டு இருவரும் ஒரே பக்கம் ஓடுவதுதான் புது ஜோடிகளின் வழமையான பிழை.

குறுக்கே பாய்வதில், அதாவது போச் பண்ணுவதில், மூன்று விஷயம் பிழைக்கும். முதலாவது நேரம். பந்து எதிர்ப்பக்கம் தரையில் படும்போதே பாய்ந்தால், ரிட்டேர்ன் பண்ணுபவர் கண்டுகொண்டு நேர்கோட்டில் அடித்துவிடுவார். அவருடைய ரக்கெட் முன்னோக்கி வரத் தொடங்கும் கணம்தான் சரியான கணம். அதன்பின் அவரால் திசை மாற்றுவது கஷ்டம். 190 கிலோமீற்றர் வேகச் சேர்வ் எதிராளியை எட்ட அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடத்தான் பிடிக்கும் என்பதால், இதை யோசித்துச் செய்ய முடியாது, பழக்கத்தில்தான் வரும். இரண்டாவது திசை. நெட்டுக்குச் சமாந்தரமாக ஓடினால் பந்து தாழ்ந்து வந்து சேரும். நெட்டின் நடுப்பட்டியை நோக்கிச் சரிவாக முன்னே போக வேண்டும். நடுவில் நெட்டின் உயரம் 91.4 சென்றிமீற்றர்தான், கம்பத்தில் 1.07 மீற்றர், ஆகவே பந்து கடப்பதும் அங்கேதான். மூன்றாவது, பாய்ந்தவர் பாதியில் மனம் மாறித் திரும்புவது. பாய்ந்தால் மறுபக்கத்துக்கே போய்விட வேண்டும், விட்டுப்போன பக்கத்தை சேர்வ் பண்ணினவர் பார்த்துக்கொள்வார். பாதியில் நிற்பவரால் இரண்டு பக்கமும் காலி.

ஐ ஃபோர்மேஷன் என்பது இதன் அடுத்த படி. நெட்டில் இருப்பவர் நடுக்கோட்டின் மேல் குந்திக்கொள்வார். எந்தப் பக்கம் எழும்புவார் என்று எதிராளிக்குத் தெரியாது. இதற்கு சேர்வ் நடுக்கோட்டை ஒட்டியே விழ வேண்டும். அகலமாக விழுந்தால் கோணம் திறந்து முழு வித்தையும் வீண். முதல் சேர்வ் பத்துக்கு ஆறு தரமாவது உள்ளே போகாத ஜோடி இதைத் தொடவே கூடாது என்பது என் எண்ணம். அநேகமான கனிஷ்ட ஜோடிகள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு உடனே குந்துகின்றன.

ரிட்டேர்னுக்கு மூன்று இலக்கு. சேர்வ் பண்ணியவர் முன்னே ஓடிவந்தால் அவருடைய காலடியில், சேர்விஸ் கோட்டுக்கு உள்ளே. பின்னாலேயே நின்றால் குறுக்காக ஆழத்தில். நெட்டில் இருப்பவர் ஓயாமல் பாய்ந்து தொல்லை கொடுத்தால் அவருடைய பக்ஹாண்ட் தோளுக்கு மேலால் உயரத் தூக்கி அடிக்கும் லொப். நேர்கோட்டில் அடிப்பது வெல்வதற்காக அல்ல. கேமுக்கு ஒரு தரம் அடித்துக் காட்டினால்தான் அவர் தன் இடத்தில் நிற்பார். இலங்கையின் களிமண் கோர்ட்டில் வளரும் பிள்ளைகள் ரிட்டேர்னைப் பெரிய வீச்சோடு எடுப்பார்கள், பந்து மெதுவாக எழும்புவதால் அவகாசம் கிடைக்கும். கடினத் தரையில் அந்த வீச்சுக்கு நேரமில்லை. பின்வீச்சைத் தோளளவில் நிறுத்தி, பந்தை மறித்து அனுப்பப் பழக வேண்டும். கிழமையில் ஒரு நாளாவது சேர்வ் பண்ணுபவரை சேர்விஸ் கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து வரும் வேகத்துக்கு 50 ரிட்டேர்ன் எடுத்தால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

முதல் வொலியை வெட்டி முடிக்கப் பார்ப்பதும் பிழைதான். சேர்விஸ் கோட்டுக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே வரும் பந்து அது. அதை எதிராளிகள் இருவருக்கும் நடுவே ஆழமாக வைப்பதே வேலை. நடுவில் வைத்தால் அவர்களுக்குக் கோணம் கிடைக்காது, "உன்னதா என்னதா" என்ற தயக்கமும் வரும். முடிப்பது அடுத்த பந்தில், அதுவும் பார்ட்னர்.

பார்ட்னர் தேடுவது இந்தத் தொழிலில் பாதி. அடுத்த கிழமை யாரோடு, அடுத்த மாதம் யாரோடு, களிமண் பருவத்துக்கு யார் என்று வட்ஸ்அப்பில் விடாமல் பேச்சு ஓடும். தன் பக்கம் எது என்பது முதல் கேள்வி: வலப்பக்கம் ரிட்டேர்ன் எடுப்பவர் இருவர் சேர்ந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்தவரின் பக்ஹாண்ட் ரிட்டேர்ன் மூன்று மாதத்துக்குத் தள்ளாடும். இரண்டாவது கேள்வி, கூட்டுத்தொகை. மூன்றாவதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: இவனோடு நாலு கிழமை ஒரே அறையில் இருக்கலாமா? பயிற்றுநர் ஒருவரை ஜோடியாக வைத்துச் செலவைப் பிரித்துக்கொள்வது வழக்கம் என்பதால், பிரியும்போது அவர் யார் பக்கம் என்ற வில்லங்கமும் உண்டு.

காசைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். 15,000 டொலர் எம்15 போட்டியில் இரட்டையர் சம்பியன்களுக்கு 930 டொலர், அதுவும் இருவருக்கும் சேர்த்து. ஆளுக்கு 465, வரி கழிக்குமுன். முதல் சுற்றில் தோற்றால் ஜோடிக்கு 110. ஹோட்டல், சாப்பாடு, ரக்கெட் பின்னல் மூன்றுக்குமே ஒரு கிழமைக்கு இதைவிடக் கூடப் போகும். விமானச் சீட்டு வேறு. அதாவது இந்தத் தட்டில் கிண்ணம் தூக்கியவரும் நட்டத்தில்தான் வீடு திரும்புகிறார். மறுமுனையில், 2025 அமெரிக்க ஓபனில் இரட்டையர் சம்பியன் ஜோடிக்கு 10 லட்சம் டொலர். ஒற்றையர் சம்பியனுக்கோ 50 லட்சம். நிம்மதியாகச் சீவிக்கும் இடம் உலகின் முதல் 60, 70 பேருக்குள்தான். அந்த எண்ணில் இருவர் சேர்ந்தால் நாலு கிராண்ட் ஸ்லாமிலும் பொதுவாக இடம் கிடைக்கும், வருட வருமானத்தின் முதுகெலும்பு அதுதான்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐரோப்பியக் களிமண் பருவத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதுவும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். கடைசி நேரத்தில் "திங்கள் இத்தாலிக்கு வா" என்று கூப்பிடும் பார்ட்னருக்கு உங்களால் "ஓம்" சொல்ல முடியாது. ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரால் முடியும். ஆகவே ஆரம்ப காலத்தில் துனீசியாவின் மொனஸ்டிர், துருக்கியின் அன்டல்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற, கிழமைக்குக் கிழமை ஒரே இடத்தில் எம்15 போட்டி நடக்கும் ஊர்களில் மூன்று, நாலு கிழமை தொடர்ந்து தங்குவது புத்தி. ஒரே விசா, ஒரே விமானச் சீட்டு, ஆல்டர்னேட்டாக நிற்கவும் வசதி. பக்கத்தில் இந்தியாவும் இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் செலஞ்சர் (ஏடிபி 250க்கு அடுத்த கீழ்த்தட்டுப் போட்டி) நடக்கும் கிழமையில் ஆல்டர்னேட் பட்டியலில் நிற்கக் கொழும்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய பறப்பு போதும்.

காசு செலவில்லாமல் இரட்டையர் பழக நல்ல வழி அமெரிக்கப் பல்கலைக்கழகம், புலமைப்பரிசில் கிடைத்தால். அங்கே ஒவ்வொரு அணி ஆட்டத்திலும் மூன்று இரட்டையர் ஆட்டங்கள், ஆறு கேம் கொண்ட ஒரே செட், ஒரே புள்ளி முறை. நாலு வருடம் வாரா வாரம் அந்த அழுத்தத்தில் ஆடிவிட்டு வருகிறார்கள். 2025 விம்பிள்டனை வென்ற ஜூலியன் கேஷ், லொயிட் கிளாஸ்பூல் இருவரும் அந்த வழியில் வந்தவர்கள். சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்தான். 2024 செப்டெம்பரில் விஜய் சுந்தர் பிரசாந்தோடு ஹாங்சோவில் ஏடிபி 250 கிண்ணத்தை வென்றார், இறுதி டை-பிரேக் 10-7. இரண்டு தமிழர் ஒரு ஏடிபி கிண்ணத்தைத் தூக்கிய காட்சியை நம் பத்திரிகைகள் இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

பொறுமைக்கு இந்தியாவின் ரோஹன் போபண்ணா. 2024 அவுஸ்திரேலிய ஓபனை மத்தியூ எப்டனோடு வென்று முதலாம் இடத்துக்கு வந்தபோது வயது 43. ஆண்கள் இரட்டையரில் அது அவருக்கு முதல் கிராண்ட் ஸ்லாம். ஒற்றையரில் 43 வயதில் ஒருவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்தால் இந்தத் தொழிலின் நீளம் விளங்கும்: முழங்காலுக்கு வேலை குறைவு, ஆட்டம் பெரும்பாலும் ஒன்றரை மணிக்குள் முடிகிறது, கையும் கண்ணும் பழுக்கப் பழுக்க உதவுகின்றன. ஒற்றையர் நட்சத்திரங்கள் வந்தால் இவர்களை ஊதித் தள்ளிவிடுவார்கள் என்று சொல்பவருக்கு 2025 அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர். நட்சத்திரங்களுக்காகவே 16 ஜோடி, நாலு கேம் செட் என்று மாற்றி அமைத்த போட்டியை, இரட்டையரே பிழைப்பான இத்தாலியின் எர்ரானியும் வவசோரியும்தான் வென்று கொண்டு போனார்கள்.

நம் ஊருக்கு இதெல்லாம் தூரம் என்று தோன்றினால், டேவிஸ் கிண்ணத்தைப் பாருங்கள். இலங்கை ஆடிவந்த ஆசிய ஓசியானியாக் கீழ்க்குழுக்களில் ஒரு நாடு இன்னொன்றோடு மோதினால் இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர், எல்லாம் ஒரே நாளில். 1-1 ஆனால் இரட்டையர்தான் தீர்ப்பு. பெரும்பாலும் பகல் வெயிலில் ஒற்றையர் ஆடிக் களைத்த அதே இருவரையே பின்னேரம் மறுபடி இறக்குகிறார்கள். அணியில் நாலாவது ஆளை, 40-40இல் ரிட்டேர்ன் எடுக்கத் தெரிந்தவராக, அன்று காலையில் இருந்து நிழலில் இருத்தி வைத்திருக்க ஒரு தலைவருக்குத் துணிவு வேண்டும். அந்த நாலாவது ஆள் ஒற்றையரில் நாட்டின் நாலாவதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.